கைதான் செய்யுது, சித்தி

களக்காடு
12-6-1966

அன்புத் தங்கை முப்பிடாதிக்கு அக்கா பேராச்சி எழுதியது. இங்கே நானும் உன் அத்தானும் சின்னவனும் சுகமாக இருக்கிறோம். உன் மூட்டுவலி குறைந்ததா, உன் வீட்டுக்காரர் அய்யாத்துரைத் தம்பிக்கு உடம்பு தேவலையா என்று தெரிவிக்கவும்.

நீ எழுத்துப் படிக்காதவள். ஆகையால் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற என் மகள் தங்கமயிலே இதை உனக்கு வாசித்துக் காட்டுவாள். அவளை நம் தெரு இசக்கிமுத்து துணையில் ரயில் ஏற்றியிருக்கிறேன். அவள் தலையில் புழுவெட்டு விழுந்திருக்கிறது. உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. சின்ன வெங்காயம் தேய்த்தாயிற்று. வைத்தியர் காய்ச்சிக் கொடுத்த எண்ணெயும் ஒரு படி தீர்ந்தது. பம்பாயில் தோல் வியாதிக்கு நல்ல டாக்டர்கள் உண்டாமே. ஆறு மாதம் உன்னிடம் இருக்கட்டும்.

தையில் அவளுக்கும் அவள் அத்தை மகனுக்கும் கல்யாணம் என்று பேசியிருக்கிறது. மதினி வீட்டாருக்கு இந்த விஷயம் தெரியாது. சவுரி வைத்துப் பின்னி, பூ வைத்து மறைத்துத்தான் இதுவரை ஓட்டியிருக்கிறேன். யாராவது கேட்டால் தையல் படிக்க வந்திருக்கிறாள் என்று சொல்லு.

அவளைச் சும்மா உட்கார விடாதே. தனியாகவும் விடாதே. கைக்கு எப்போதும் ஒரு வேலை கொடு. வேறு எழுத ஒன்றும் இல்லை.

உன் அக்கா
பேராச்சி


தாராவி
3-7-1966

பிரியமுள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் முப்பிடாதி சொல்ல, மயில் எழுதுவது. இங்கே எல்லாரும் நல்லபடி. மழை பிடித்துவிட்டது. நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்கு, சாலுக்கு, முன்னால் முழங்கால் அளவு தண்ணீர். மூட்டுவலி மழையோடு வந்திருக்கிறது, மழையோடு போய்விடும்.

மாட்டுங்காவில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். நம் பாஷை பேசுகிறவர்தான். கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, தோலில் ஒரு கோளாறும் இல்லை என்றார். புழுவெட்டு என்றால் அந்த இடம் வழவழவென்று இருக்குமாம். இது அறுந்ததும் முளைத்ததுமாகக் கட்டை கட்டையாக இருக்கிறதாம். ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். தடவிவருகிறோம். மயில் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்து அவள் சித்தப்பாவுக்கு ஒத்தாசையாக இருக்கிறாள். நல்ல பிள்ளை. சாப்பாடுதான் குருவி கொத்துகிற மாதிரி.

அம்மா, இனிமேல் வருவது நான் எழுதுவது. சித்தி சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். இங்கே தலையில் துணி கட்டிக்கொண்டு போகிற பெண்கள் நிறைய. ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீ கவலைப்படாதே. தம்பியை என் பெட்டியைத் திறக்க விடாதே.

மயில்


தாராவி
24-7-1966

அக்காவுக்கு முப்பிடாதி. உடம்புக்கு யாருக்கும் குறைவில்லை. உங்களுக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

இதை எழுதுவது மயில் இல்லை. பக்கத்து வீட்டு ராபியா. மேலப்பாளையத்துக்காரி. அவள் காதில் விழுந்தது வாய்க்கு வராது. ஏன் அவளிடம் வந்தேன் என்றால், மயில் கையால் எழுத முடியாத விஷயம்.

போன திங்கட்கிழமை மத்தியானம் கடைக்குப் பின்னால் இருக்கிற அறைக்குப் போனேன். மயில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பழைய பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தாள். இடது கை தலைத்துணிக்குள் இருந்தது. அரிசியில் கல் பார்க்கிற மாதிரி விரலால் தடவித் தடவி ஒரு முடியைத் தேர்ந்தெடுத்தாள். வெடுக்கென்று பிடுங்கினாள். வேர்ப்பக்கத்தை உதட்டில் வைத்து ஒரு தடவை இழுத்தாள். பிறகு வாயில் போட்டுக்கொண்டாள். கண் மட்டும் பேப்பரை விட்டு அசையவில்லை. நான் நின்ற நேரத்துக்குள் ஒன்பது முடி, அக்கா.

"ஏட்டி, என்ன செய்த?" என்றேன். வெளிறிப்போய்விட்டாள்.

"நான் செய்யல. கைதான் செய்யுது, சித்தி," என்றாள்.

வலிக்கவில்லையா என்று கேட்டேன். "பிடுங்குததுக்கு முன்னாலதான் என்னமோ பண்ணும். பிடுங்கிட்டா அது நின்னுரும்," என்றாள். கொஞ்ச நேரத்துக்குத்தான் நிற்கும் என்றும் சொன்னாள்.

நான் அடிக்கவில்லை. அடித்து நிற்கிற காரியமாகத் தெரியவில்லை. அக்கா, இது உனக்குத் தெரியுமா, தெரியாதா? பதிலை என் வீட்டுக்குப் போடாதே. இந்தக் கடிதத்தின் கீழே எழுதியிருக்கிற ராபியா வீட்டு விலாசத்துக்குப் போடு.

முப்பிடாதி


களக்காடு
9-8-1966

தங்கை முப்பிடாதிக்கு. இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசைப் பற்றிக் கேட்காதே.

தெரியும். அவளுடைய ஒன்பதாவது வயதிலிருந்து தெரியும். விரல்களில் மிளகாய் அரைத்துப் பூசினேன். கண்ணில் பட்டு அலறினாள்; மறுநாள் அதே விரல் அதே இடத்துக்குப் போயிற்று. சூடு போட்டேன். இடது கைப் பெருவிரலைப் பார், தழும்பு இருக்கும். திருச்செந்தூரில் இரண்டு தடவை மொட்டை போட்டோம். விரலில் அகப்படுகிற அளவுக்கு வளர்ந்ததும் தொடங்கிவிட்டாள். கையைத் துண்டால் கட்டிப் படுக்க வைத்தேன். பல்லால் அவிழ்த்துவிட்டாள். ஒரு தாய் செய்யக்கூடியதில் நான் எதையும் பாக்கி வைக்கவில்லை.

அவளே பிடுங்குகிறாள் என்று எந்த டாக்டரிடமும் சொல்லாதே. பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள். அங்கே எழுதினது ஒரு நாள் இங்கே வந்து சேரும். புழுவெட்டு என்றே சொல்லிக்கொண்டிரு. தைக்குள் பாதி வளர்ந்தாலும் போதும். மீதியை நான் மறைத்துவிடுவேன்.

பேராச்சி


தாராவி
25-9-1966

அக்காவுக்கு முப்பிடாதி. ராபியா எழுதுகிறாள். இங்கே சுகம். அத்தானுக்கு இருமல் என்று இசக்கிமுத்து சொன்னான், பனங்கற்கண்டு கொடு.

உன் பேச்சை நான் கேட்கவில்லை. கோபித்துக்கொள். மயிலைப் பெரிய ஆஸ்பத்திரியில் மனசு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒரு டாக்டரம்மா. ராபியாதான் இந்தியில் பேசி எனக்குச் சொன்னாள். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டோம்.

அந்த அம்மா சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. இது பைத்தியம் இல்லை என்றாள். நகம் கடிக்கிறவர்கள் இல்லையா, அதில் கொஞ்சம் கூடின வகை. இந்த வருஷம் மட்டும் நாலு பேர் வந்திருக்கிறார்கள், அதில் ஒருத்தர் காலேஜ் வாத்தியார் என்றாள். மயில் அதைக் கேட்டதும் தலையை நிமிர்த்தினாள். தன்னைத் தவிர உலகத்தில் ஒருத்தரும் இல்லை என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள்.

திட்டினால் கூடுமாம். கை தலைக்கு ஏறுவது தெரிந்ததும் அதை இறுக்கி மூடிக்கொண்டு மெதுவாக நூறு எண்ண வேண்டும். எந்த நேரத்தில், எந்த இடத்தில், எத்தனை முடி என்று ஒரு நோட்டில் அவளே குறிக்க வேண்டும். அந்த நோட்டை நாங்கள் யாரும் தொடக் கூடாது. நான் என் பங்குக்குக் கடைக்குப் பேப்பர் பை ஒட்டுகிற வேலையை அவளிடம் கொடுத்திருக்கிறேன். விரல் முழுக்க மைதாப் பசை. பசைக் கையைத் தலையில் வைக்க மனசு வராது. உச்சியில் பூனைமுடி மாதிரி முளைத்திருக்கிறது. போன வாரம் அவளாகவே கண்ணாடி கேட்டாள்.

டாக்டரம்மா மூன்று விஷயம் கேட்டாள். முடியை முழுங்குகிறாளா என்று ஒன்று. "கடிச்சுத் துப்பிருவேன்," என்று மயில் சொல்லிவிட்டாள். மற்ற இரண்டுக்கும் நீதான் பதில் சொல்ல வேண்டும். ஒன்பது வயதில் அவளுக்கு என்ன நடந்தது? குடும்பத்தில் வேறு யாருக்காவது இது உண்டா? எனக்குத் தெரிந்து நம் வீட்டில் ஒருத்தரும் இல்லை என்று சொன்னேன். அத்தான் பக்கம் யாராவது உண்டா? யோசித்து எழுது. அவசரம் இல்லை என்றாள், ஆனால் வேண்டும் என்றாள்.

முப்பிடாதி


களக்காடு
13-11-1966

தங்கை முப்பிடாதிக்கும் தம்பிக்கும் மகள் மயிலுக்கும் ஆசி. உன் அத்தானுக்கு இருமல் நின்றுவிட்டது.

கல்யாணம் தை இருபதாம் தேதி என்று முடிவாகியிருக்கிறது. கூறைப்புடவை நாகர்கோவிலில் எடுக்கிறோம். மயிலைப் பொங்கலுக்கு முன்னால் கொண்டுவந்து விட வேண்டும். மயில், இதை நீதான் வாசிப்பாய். முடி எதுவரை வளர்ந்திருக்கிறது என்று அளந்து ஒரு வரி எழுது.

முப்பிடாதி, நீ கேட்டிருந்த மற்ற சங்கதிகளுக்கு எழுத ஒன்றும் இல்லை.

பேராச்சி


தாராவி
4-12-1966

அக்காவுக்கு முப்பிடாதி. ராபியா எழுதுகிறாள். நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

மயில் இரண்டு வாரமாக ஒன்றும் சாப்பிடுவதில்லை. நாலு வாய் தின்றால் போதும் என்கிறாள்; அதுவும் வாந்தியாகிவிடுகிறது. இரண்டு மாதமாக வீட்டுக்குத் தூரமாகவில்லை. நேற்றுக் குளிப்பாட்டும்போது வயிற்றில் கை பட்டது. கெட்டியாக ஒரு கட்டி.

அவள் எங்கேயும் போனதில்லை, அக்கா. கடை, குழாயடி, ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். ஆனாலும் கடைக்கு நாலு பேர் வருகிறார்கள், போகிறார்கள். நான் எல்லா நேரமும் பார்த்துக்கொண்டா இருந்தேன்? கேட்டால் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். என் வீட்டுக்காரர், கடை வாசலில் இந்தப் பேச்சு வர வேண்டாம், ஊருக்கு அனுப்பிவிடு என்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் பெயர், விலாசம் எல்லாம் கேட்பார்கள் என்று பயமாக இருக்கிறது.

என்ன செய்ய என்று எழுது. பதில் ராபியா வீட்டுக்குத்தான் வர வேண்டும். மறந்துவிடாதே.

முப்பிடாதி


களக்காடு
11-12-1966

முப்பிடாதிக்கு.

உன் கடிதம் கிடைத்தது. ஏழு வருஷம் அவள் தலைக்காகத் தலைகுனிந்தேன். இனி இதற்குமா? உன் அத்தானிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் உயிரோடு இருக்க மாட்டார்.

எவன் என்று கேட்காதே. தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அங்கே அதற்கு ஆட்கள் இருப்பார்களே, முடித்துவிடு. முடியாதென்றால் அவளை இங்கே அனுப்பாதே. பம்பாயில் ரயில் தண்டவாளத்துக்கா பஞ்சம்? காய்ச்சலில் போய்விட்டாள் என்று இங்கே சொல்லிக்கொள்கிறேன். நாலு நாள் அழுவேன். ஊரும் என்னோடு அழும். அந்த அழுகை எனக்குக் கௌரவம்.

பெற்ற வயிறு என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன் என்று சொல்லு.

பேராச்சி


தாராவி
2-1-1967

அக்காவுக்கு முப்பிடாதி சொல்ல, ராபியா எழுதுவது. மயில் உயிரோடு இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் ராபியா வீட்டுக்கு வரவில்லை. என் வீட்டுக்கு வந்தது. டிசம்பர் இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, தபால்காரர் கடையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்ததால் கல்யாணச் சேதியாக இருக்கும் என்று நினைத்தேன். மயிலிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற குரலில், ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். தண்டவாளம் வந்த இடத்தில் நான், "போதும்ட்டி," என்றேன். "இன்னும் நாலு வரி இருக்கு, சித்தி," என்றாள். முடித்துவிட்டுத்தான் மடித்து வைத்தாள்.

பிறகு, "நீங்களும் அப்படித்தான் நெனச்சியளா?" என்று கேட்டாள். இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலையில் குழாயடியில் குடத்தோடு விழுந்துவிட்டாள். வாந்தியில் ரத்தம். ராபியாதான் டாக்சி பிடித்தாள். நான், பிள்ளைக்குக் கல்யாணம் ஆகவில்லை, வெளியே தெரிய வேண்டாம் என்று சர்ஜன் டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். அவர் மயிலின் தொப்புளுக்கு மேலே, விலா எலும்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டி ராபியாவிடம் ஏதோ கேட்டார். அவள் எனக்குச் சொல்லவே கூச்சப்பட்டாள். கரு இந்த இடத்திலா வளரும் என்று கேட்டாராம்.

படம் எடுத்தார்கள். அன்றைக்கே வயிற்றைத் திறந்தார்கள். எடுத்ததை ஒரு தட்டில் வைத்துக் காட்டினார்கள். இரைப்பையின் அச்சு அப்படியே இருந்தது. கறுப்பாக, ஒரு பக்கம் வளைந்து, குடலுக்குள் போன வால் மாதிரி நீளமாக. நாற்றத்தில் நிற்க முடியவில்லை. முடி, அக்கா. முழுக்க முடி. ஏழு வருஷமாக முழுங்கின முடி வயிற்றில் செரிக்காமல் சேர்ந்து, சோற்றுக்கு இடம் இல்லாமல் செய்திருக்கிறது. சாப்பாடு இல்லாமல் உடம்பு வற்றினதால்தான் தூரமும் நின்றிருக்கிறது. முழுங்குவதைச் சொன்னால் பைத்தியக்காரி என்று கட்டிப்போடுவார்கள் என்று பயந்து டாக்டரம்மாவிடம் பொய் சொல்லியிருக்கிறாள்.

இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார்கள். அவள் வயிற்றில் கட்டி என்று தெரிந்த பிறகு பதினெட்டு நாள் நானும் நீயும் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். உன்னை மட்டும் சொல்லவில்லை. நானும்தான்.

தைக்கு அவளை அனுப்ப முடியாது. மார்பிலிருந்து தொப்புள் வரை தையல்.

முப்பிடாதி

நான் ராபியா. சொன்னதை மட்டும் எழுதிப் பழக்கம். இந்த ஒரு வரி என்னுடையது: உங்கள் பெண் மயக்கத்தில் உங்களைத்தான் கூப்பிட்டாள்.


களக்காடு
5-2-1967

மகள் தங்கமயிலுக்கு அம்மா எழுதுவது. தையல் ஆறிவிட்டதா? சோறு இறங்குகிறதா? உன் அப்பாவும் தம்பியும் உன்னைக் கேட்கிறார்கள்.

தை இருபதில் கல்யாணம் நடந்தது. பெண் வேறு. இசக்கிமுத்து அங்கிருந்து தன் வீட்டுக்கு எழுதியதிலிருந்து உன் விஷயம் அத்தை வீடு வரை போய்விட்டது. அவர்கள் என்னிடம் சண்டைக்குக்கூட வரவில்லை. பந்தியில் எனக்கு இலை போட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்தக் கடிதத்தை ராபியா வீட்டுக்குப் போடச் சொல்லி உன் சித்தி எழுதியிருந்தாள். ஆத்திரத்தில் விலாசம் மாறிவிட்டது என்று உனக்கு எழுத நினைத்தேன். மாறவில்லை. நீ வாசிக்க வேண்டும் என்றுதான் உன் சித்தி வீட்டு விலாசத்துக்குப் போட்டேன்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டாளாம். எனக்கு உண்டு. பதினொரு வயதிலிருந்து. கொண்டைக்கு அடியில், இடது காதுக்குப் பின்னால். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாகியும் உன் அப்பாவுக்குத் தெரியாது. முப்பிடாதிக்குத் தெரியாது. என் அம்மாவுக்குத் தெரியும். எனக்குச் சூடு போட்டது அவள். என்னை என்ன செய்தார்களோ அதைத்தான் உன்னையும் செய்தேன். வேறு வழி எனக்குத் தெரியாது. உன் தலையைப் பார்க்கும்போதெல்லாம் என் தலையை யாரோ ஊருக்கு நடுவில் திறந்து காட்டுகிற மாதிரி இருக்கும்.

ஒன்பது வயதில் உனக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுப்படியில் நான் பிடுங்கிக்கொண்டிருந்தபோது நீ வாசற்படியில் நின்று பார்த்தாய். அதற்கு அடுத்த வாரம்தான் உன் தலையில் முதல் வழுக்கையைப் பார்த்தேன். உனக்கு ஞாபகம் இருக்காது.

வீட்டுக்கு வா. இனி யாரும் உன்மேல் கை வைக்க மாட்டார்கள்.

அம்மா


தாராவி
16-4-1967

அம்மாவுக்குத் தங்கமயில் எழுதுவது. தையல் ஆறிவிட்டது. இரண்டு வேளை சாப்பிடுகிறேன். அப்பாவையும் தம்பியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் பாதியைத்தான் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் தலையைப் பற்றி எழுதியிருந்ததை வாசிக்கவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது. டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னேன். தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்ந்து வருவது உண்டு என்றார்கள். என் நோட்டில் சில நாள் பூஜ்யம், சில நாள் நாற்பது. போன வாரம் பதினொன்று. இது அடியோடு போய்விடும் என்று அவர்கள் சொல்லவில்லை. வந்து வந்து போகும், வரும்போது பயப்படாதே என்கிறார்கள். இப்போது முழுங்குவதில்லை. பிடுங்கினதை ஒரு தாளில் ஒட்டிவைத்து அவர்களிடம் காட்டுகிறேன்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீங்கள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். உலை கொதித்து வழிந்துகொண்டிருந்தது. அதைக்கூட நீங்கள் பார்க்கவில்லை. உங்கள் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அதற்கு முன்னாலும் அதற்குப் பிறகும் உங்களை நான் அப்படிப் பார்த்ததில்லை. அதனால்தான் நானும் ஒன்று பிடுங்கிப் பார்த்தேன்.

பிறகு நீங்கள் எனக்குச் சூடு போட்டீர்கள். அப்போது உங்கள் கொண்டைக்கு அடியில் அது இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "எனக்கும் உண்டு" என்று இரண்டே சொல். ஏழு வருஷம் நாம் ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் ஒளிந்துகொண்டு ஒரே காரியத்தைச் செய்திருக்கிறோம்.

நான் வரவில்லை. டாக்டரம்மாவிடம் மாதம் இரண்டு தடவை போக வேண்டும் என்பது ஒரு காரணம். அது மட்டும் காரணம் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். செம்பூரில் ஒரு தையற்கடையில் பொத்தான் தைக்கச் சேர்ந்திருக்கிறேன். சித்தி நான் பார்க்கவில்லை என்று நினைத்து என் தட்டில் சோறு கூடுதலாக வைத்துவிட்டு அழுகிறாள். அவளோடு இருந்துவிட முடியும்.

நீங்கள் எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பிடுங்குவதை நீங்களும் முழுங்குகிறீர்களா? முழுங்கினால், சாப்பிட்டதும் வயிறு கனக்கிறதா, குமட்டுகிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே பாளையங்கோட்டைக்குப் போய்ப் படம் எடுத்துப் பாருங்கள். டாக்டரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் வயிற்றில் தழும்பு இருக்கிறது.

இதற்கு மட்டும் பதில் போடுங்கள். ஆம் அல்லது இல்லை. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தங்கமயில்